மெழுகு உடைந்த போத்தல்

1

சென்ற மாதம் கிள்ளான் தபாற்கந்தோரிலிருந்து எனக்கு ஒரு கடதாசி வந்தது. ஊரிலிருந்து பொதி ஒன்று வந்திருப்பதாகவும், அதற்குள் இன்னதென்று தெரியாத உணவுப்பொருள் இருப்பதாகவும், ஏழு நாளைக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் அதை அழித்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தது. என் மூத்த மகள்தான் வாசித்துச் சொன்னாள். எனக்கும் இங்கிலீசு தெரியும். ஆனால் அரசாங்கத்தார் எழுதுவதை நான் தனியாக வாசிப்பதில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் வேறொன்றைக் கேட்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு ஐயம்.

போனேன். மேசைமேல் ஒரு கண்ணாடிப் போத்தல். வாயில் தகர மூடி, அதன் மேல் தேன்மெழுகு. உள்ளே புளியில் கிடந்து கறுத்த மீன். யார் கை என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

மலாய்க்கார அதிகாரி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று கேட்டார். உப்பிட்ட மீன் என்பதற்கு இக்கான் மாசின் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் நான் "இக்கான் மாத்தி" என்றேன். செத்த மீன் என்று அர்த்தம். உயிருள்ள மீனை யாரும் தபாலில் அனுப்பமாட்டார்கள் என்று அவர் சொல்ல, கந்தோரே சிரித்தது. பிறகு தமிழ்க் கிளார்க்கு ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்.

"யாரும்மா அனுப்பினது?"

"என்ட மச்சாள்."

"மச்சானா?"

"மச்சாள். புருசன்ட அக்கா."

"அட, நாத்தனாரா!" என்று எழுதிக்கொண்டார். அதிகாரி இன்னும் ஏதோ கேட்டார். கிளார்க்கு என் பக்கம் திரும்பினார். "அனுப்பினவங்களை முழுசா நம்பலாமான்னு கேக்கறாரு."

மிக எளிய கேள்விதான். ஆனாலும் வாய் தவறி, "அவதான் என்னை நம்பினதில்ல" என்று வந்துவிட்டது.

கிளார்க்கு ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், நம்பலாம் என்று மொழிபெயர்த்தார். மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொதியைத் தந்தார்கள்.

2

போர் முடிந்த மறுவருடம் இங்கே வந்தோம். என் கணவர் றப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதுகிறார். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பின்கதவைத் திறந்தால் றப்பர் மரங்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி.

இங்கே எல்லாமே தகரத்தில் வருகிறது. மீன், பால், பட்டாணி, அன்னாசி. ஒவ்வொரு தகரத்தையும் வாங்குமுன் மூடியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். விளிம்பைத் தடவுவேன். வீட்டுக்கு வந்து திறந்த பிறகும் மணந்து பார்த்து, கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் கோப்பையில் போடுவேன். கடைக்காரச் சீனர் என்னைக் கண்டால் தகரங்களை உள்ளே தள்ளிவைக்கிறார்.

பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை. மூத்தவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மலாயில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். என்னவென்று கேட்டால், "ஒண்டுமில்லை அம்மா" என்பாள். என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். கடைக்குட்டி ஒரு நாள் தகரத்திலிருந்து மீனை நேரே விரலால் எடுத்து வாயில் போட்டான். ஓடிப்போய் அவன் வாயைத் திறந்து வழித்து எடுத்தேன். அவன் அழுதான். கணவர் கோபித்தார்.

"எங்கேயோ தூரத்தில முகம் தெரியாத ஆள் அடைச்ச தகரம். பிள்ளைகளே நம்பித் தின்னுதுகள். உனக்கு மட்டும் என்ன?" என்றார்.

அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களில் சிலர் அந்தக் கதையை வேறு மாதிரிக் கேட்டிருப்பீர்கள். நான் நஞ்சு வைத்தேன் என்று இன்னும் வாவியின் அக்கரையான படுவான்கரையில் சொல்பவர்கள் இருப்பதாகக் கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

3

போரில் யப்பான்காரன் போட்ட குண்டு கடலில் விழுந்து, நாங்கள் இருந்த புளியந்தீவுப் பட்டினத்தில் வீட்டுக் கதவுகள் ஆடிய அந்தச் சித்திரையில், நாங்கள் மூன்று பிள்ளைகளையும் இரண்டு பெட்டிகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்தோம். படுவான்கரையில் மச்சாள் கனகம்மையின் வீடு. என் மாமியாரும் மகளோடுதான் இருந்தார். மச்சாளுக்கு ஏழு பிள்ளைகள். அவள் புருசன் கரடியனாற்றுப் பக்கம் வட்டையில் வயல் செய்து, வாரத்துக்கு ஒருமுறை வருவார். எங்களுக்கு முன்பே மாமியாரின் தங்கையான விதவைச் சின்னமாமி இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்திருந்தார். ஒரு குசினி, பதினெட்டு வயிறு.

அரிசி கூப்பனுக்கு. விளைந்த நெல்லில் பாதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வாவியில் மீன் மட்டும் குறைவில்லை. ஆனால் அதுவும் ஒரு கிழமை கொட்டும், மறு கிழமை வெறும் வலைதான். மச்சாள் கருவாடு போடுவாள், கூனி இறாலைக் காயவைப்பாள், பலாக்கொட்டையை மணலில் புதைப்பாள். மாரி தொடங்கினால் கருவாட்டில் புழு வைத்துவிடும்.

நான் களுவாஞ்சிக்குடியில் பிறந்தவள். பட்டினத்து மிஷன் பள்ளியில் விடுதியில் இருந்து படித்தேன். அங்கே ஒரு வெள்ளைக்கார ரீச்சர் பழத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, போத்தலோடு தண்ணீரில் அவித்து, காற்றுப் புகாமல் மூடக் கற்றுத்தந்திருந்தார். பழத்துக்குச் செய்வதை மீனுக்கு ஏன் செய்யக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. காத்தான்குடியிலிருந்து வரும் பழம்போத்தல் வியாபாரி இராணுவ முகாமில் எறிந்த அகலவாய்ப் போத்தல்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். மீனைத் துண்டு போட்டு, உப்பும் பழப்புளியும் சேர்த்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் போத்தல்களை அடுக்கி, காலையில் தொடங்கி மத்தியானம் வரை அவித்தேன். மூடியை இறுக்கி மேலே தேன்மெழுகை உருக்கி ஊற்றினேன்.

மச்சாள் குசினி வாசலில் கைகட்டி நின்று பார்த்தாள்.

"இது எத்தின நாளைக்குக் கிடக்கும்?"

"ஆறு மாசம் கிடக்கும் மச்சாள்."

"செத்த மீன் ஆறு மாசம் கிடந்தும் நாறாதெண்டா அதுக்குள்ள என்னமோ இரிக்கி கா." சிரிக்காமல் சொன்னாள். "மூடின பானைக்குள்ளயும் ஒரு மூச்சு வேணும். நீ மூச்சையும் சேத்தெல்லோ அடைக்கிறாய்."

ஆனாலும் ஒரு மாதம் கழித்து, மீனே படாத ஒரு கிழமையில் முதல் போத்தலைத் திறந்தோம். எல்லாரும் தின்றார்கள். நன்றாக இருந்தது. அப்படியே சோற்றில் போட்டுப் பிசைந்தால் போதும், விறகும் மிச்சம். பிள்ளைகள் போத்தலை வழித்துத் தின்றார்கள். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு உறுத்தியது.

4

ஐப்பசியளவில்தான் முதலில் கவனித்தேன். அன்று திறக்கவேண்டிய போத்தலில் மெழுகின் நிறம் வேறாக இருந்தது. நான் ஊற்றிய மெழுகு வழுவழுவென்று இருக்கும். இது திரும்ப உருகி இறுகியது போலச் சுருங்கி, ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை. உள்ளே மீன் ஒரு கரண்டியளவு குறைந்திருந்தது. போத்தலைத் திருப்பினேன். அடியில் சுண்ணாம்பால் ஒரு சிறு பொட்டு.

மறுமுறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

திருட்டு என்று எண்ண முடியவில்லை. பதினெட்டுப் பேருக்குச் சமைக்கும் வீட்டில் யார் ஒரு கரண்டி மீனுக்காகப் போத்தலை உடைத்து மறுபடி மெழுகுவார்கள்? சுண்ணாம்புப் பொட்டுத்தான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் பக்கத்துச் செய்வினைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். படித்தவள்தான், ஆனாலும் பயம் படிப்பைக் கேட்டு வருவதில்லை. மச்சாள் என் போத்தல்களுக்கு ஏதோ செய்கிறாள், ஒரு நாள் பிள்ளைகளில் யாருக்காவது நோய் வருத்தம் வரும், பழி என்மேல் விழும் என்று முடிவுகட்டினேன்.

என் தலைமயிர் ஒன்றை அடுத்த போத்தலின் மெழுகுக்குள் வைத்து இறுகவிட்டேன். இரண்டு நாளில் மயிர் அறுந்திருந்தது. கணவரிடம் காட்டினேன்.

"அக்கா அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்றார்.

"அப்ப நான் அப்பிடிப்பட்ட ஆளா?"

அவர் எழுந்து வெளியே போனார்.

அன்று முதல் மச்சாளோடு தேவைக்கு மேல் பேசுவதை விட்டேன். அவளும் விட்டாள். நான் குசினிக்குள் போனால் அவள் வெளியே வருவாள். என் பிள்ளைகள் அவள் கையால் ஏதும் வாங்கித் தின்றால், என்ன தின்றாய், எவ்வளவு தின்றாய் என்று தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பேன். அவளும் தன் பிள்ளைகளிடம் அதையே கேட்டிருப்பாள்.

மாரியில் வாவியும் கடலும் சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டு, கொடுவா மீன் தோணி தோணியாக வந்தது. பதினான்கு போத்தல் நிரப்ப உட்கார்ந்தேன். என்னிடம் பழப்புளி இல்லை. புளிப்பானை மச்சாளின் அறையில் இருந்தது. கதவடியில் போய், "மச்சாள், புளி ஒரு உருண்டை தாங்க" என்று கேட்டால் தந்திருப்பாள். நான் கேட்கவில்லை. புளி ருசிக்குத்தானே, அடைப்பதற்கு அது எதற்கு என்று என்னையே தேற்றிக்கொண்டு, வெறும் உப்பில் பதினான்கையும் அவித்து மூடினேன். யாருக்கும் சொல்லவில்லை.

5

தை பிறந்து ஒரு காலை, மச்சாள் எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னெண்டு தெரியல்ல. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

மத்தியானத்துக்குள் கண்ணிமை இரண்டும் விழுந்துவிட்டன. தண்ணீர் கொடுத்தால் மூக்கால் வந்தது. நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. காய்ச்சலில்லை, வயிற்றாலும் போகவில்லை. மாமியார் பூசாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து, தேசிக்காய் வெட்டி, பெண்ணின் கையால் வந்த வினை என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் வெளிப்பெண் நான் ஒருத்திதான்.

மச்சாள் பாயில் கிடந்தபடி கையைத் தூக்கிப் போத்தல்கள் அடுக்கிய சுவர்த்தட்டைக் காட்டினாள். அந்தத் தட்டின் முன்னே நான் நின்றேன்.

"கண்டியளா? அவளத்தான் காட்டுறாள்" என்றார் மாமியார்.

மறுநாள் தோணியில் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வைத்தியம் பார்த்த அப்போத்திக்கரி வயதானவர், மெதுவாகப் பேசுபவர். என்ன தின்றாள் என்று கேட்டார்.

"எல்லாரும் திண்டதத்தான்" என்றார் மாமியார்.

"வேற ஆருக்கும் வருத்தமில்லையோ?"

"இல்லை."

"ஆர் சமைச்சது?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் உட்பட.

அப்போத்திக்கரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே சாப்பாட்டில ஒராளுக்கு மட்டும் நஞ்சேறினா, நான் பொலிசுக்கு எழுதித்தான் ஆகவேணும். நாளைக் காலமைக்குள்ள ஏதும் தெரிஞ்சாச் சொல்லுங்கோ."

வெளியே மரத்தடியில் மாமியார் என் கையைப் பிடித்தார். அன்றுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. "அமிர்தகழி கிட்டத்தான். மாமாங்கத்துக் கோயில் தண்ணியில இறங்கி, என்ட கையால அவளுக்கு ஒண்டும் போகல்ல எண்டு சத்தியம் பண்ணு. பண்ணினா நான் நம்புறன்."

"பண்ணுறன்" என்றேன் உடனே.

சொல்லிவிட்டுத்தான் புளி நினைவுக்கு வந்தது. அந்தப் பதினான்கு போத்தலில் ஒன்றும் இன்னும் வீட்டுச் சோற்றுக்கு வரவில்லை, அதனால் அது காரணமாக இருக்க முடியாது என்று எண்ணினேன். ஆனாலும் மறைத்துவைத்த ஒன்று இருக்கும்போது எந்தத் தண்ணீரில் இறங்கி என்னவென்று சத்தியம் செய்வது?

சத்தியத்துக்குப் போகுமுன் மச்சாளைப் பார்க்க வேண்டும் என்றேன். மாமியார் சந்தேகத்தோடு கூடவே வந்தார். மச்சாள் விரலால் இமையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். பேச முயன்றாள், வரவில்லை. மாமியாரின் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைக் காட்டி, சுண்ணாம்பில் விரலைத் தொட்டாள். கட்டில் சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு வைத்து நிறுத்தினாள். கடைசிப் பொட்டுக்கு அடுத்த வெற்றிடத்தை விரலால் தட்டினாள். மீண்டும் மீண்டும் அந்த வெறும் இடத்தையே தட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

6

அந்தத் தோணியிலேயே திரும்பிப் போனேன். தட்டில், புதிய போத்தல்களின் முன்வரிசையில், மெழுகு உடைந்து மறுபடி மெழுகிய ஒன்று இருந்தது. அடியைத் திருப்பினேன். பொட்டு இல்லை. சின்னமாமி அன்று மத்தியானச் சோற்றுக்கு எடுக்க வசதியாக அதை முன்னுக்கு இழுத்துவைத்திருந்தார். நான் இன்னும் ஒரு நாழிகை பிந்தியிருந்தால் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் அதைப் பரிமாறியிருப்பார்.

போத்தலைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். அப்போத்திக்கரி திறந்து மணந்தார். கெட்ட மணமே இல்லை. மீன் வெள்ளையாக, நேற்று அவித்ததுபோல இருந்தது.

"இதில புளி, வினாகிரி ஏதும் சேர்த்தனீங்களோ?"

மாமியார் என் பக்கத்தில் நின்றார். என் கணவரும் நின்றார்.

"இல்லை" என்றேன். "மத்த எல்லாத்திலயும் போட்டன். இதில மட்டும் போடல்ல. புளி மச்சாளிட்ட இருந்திச்சு. நான் கேக்கல்ல."

அவர் போத்தலை மறுபடி இறுக மூடினார். பிறகு, புளிப்பில்லாத மீனைக் காற்றுப் படாமல் அடைத்துவைத்தால் சிலவேளை அதற்குள் ஒரு நஞ்சு பிறக்கும் என்றும், அது மணக்காது, நிறம் மாறாது என்றும், நன்றாகக் கொதிக்கவைத்திருந்தால் அது முறிந்திருக்கும் என்றும் சொன்னார். "கொஞ்சமாத் திண்டபடியால் ஆள் தப்பும். கன நாள் எடுக்கும்." பொலிசுக்கு எழுதவில்லை.

மாமியார் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு உருண்டை புளி" என்றார். "ஒரு உருண்டை புளி கேக்க ஒனக்கு வாயில்லையா?"

மீதிப் பதின்மூன்று போத்தலையும் வளவின் மூலையில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தேன். பசித்திருந்த வீட்டில் அவ்வளவு மீனை மண்ணில் மூடியதைப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

மச்சாளுக்கு நாக்குத் திரும்ப மூன்று கிழமை ஆனது. ஒவ்வொரு நாளும் கஞ்சித்தண்ணீரைக் கரண்டியால் துளித்துளியாக விட்டேன். விழுங்குமுன் ஒவ்வொரு முறையும் கரண்டியைக் கூர்ந்து பார்ப்பாள். எனக்குக் கோபம் வரவில்லை. பேச்சு வந்த முதல் நாள் கேட்டேன்.

"எத்தின போத்தல் அப்பிடித் திண்டு பாத்தீங்க?"

"எல்லாம்."

"என்ன?"

"நீ திறக்கிறதுக்கு முதல் நாள் ஒரு கரண்டி. விடிஞ்சு எனக்கு ஒண்டுமில்லையெண்டா ஒரு பொட்டு. மறுகாதான் பிள்ளையளுக்கு." குரல் இன்னும் தடித்தே இருந்தது. "ஒன்ட போத்தல்ல எனக்கு நம்பிக்கையில்ல கா. அண்டைக்கும் இல்ல, இண்டைக்கும் இல்ல."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே மச்சாள்."

"சொன்னா நீ ரோசத்தில போத்தல் போடுறத விட்டிருப்பாய். மறுகா மாரிக்கு என்னத்தத் தின்னுறது? பதினெட்டுப் பேர்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் என் கையால் செத்துப்போக ஒருத்தி மாதக்கணக்காக ஒவ்வொரு போத்தலுக்கும் ஆயத்தமாக இருந்திருக்கிறாள். நானோ அவள் விரல் ரேகையைப் பார்த்துப் பார்த்து அவளை வெறுத்திருக்கிறேன்.

7

மாசி கடைசியில் மச்சாள் வீட்டுக்கு வந்தாள். இடது கண் இமை முழுதாக உயரவில்லை. இன்றும் அப்படித்தான் என்று எழுதுகிறார்கள். நான் இனிப் போத்தல் போடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வந்த மூன்றாம் நாள் அவள் புளிப்பானையைத் தூக்கிவந்து என் முன்னே வைத்தாள்.

"மீன் வந்திரிக்கி. தொடங்கு."

நான் புளி போட்டேன். அவள் போதாது என்றாள். இன்னும் போட்டேன். அவள் தன் கையால் இன்னொரு பிடி போட்டாள். ஒவ்வொரு போத்தலுக்கும் அப்படியே பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஒருமுறை நான் மெழுகெடுக்க எழுந்துபோய்த் திரும்புவதற்குள் முன்னே மூடிய போத்தலைத் திறந்து, புளி இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டதற்கு வெட்கப்படவுமில்லை.

சித்திரையில் முதல் போத்தலைத் திறக்கும் முறை வந்தது. சட்டியில் ஊற்றி நன்றாகக் கொதிக்கவைத்தோம். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். மாமியார் அவர்களைக் கிட்ட வரவிடவில்லை. நான் கரண்டியை எடுத்தேன். மச்சாளும் எடுத்தாள். பழி பாதியாகட்டும் என்றோ, என்னவோ, இரண்டு பேரும் சேர்ந்து தின்போம் என்று நினைத்தேன்.

மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்டாத் தின்னப்படா. ஒருத்திக்கு ஒண்டு வந்தா மத்தவ பிள்ளையளப் பாக்கோணும்." தன் கரண்டியைக் கீழே வைத்தாள். "முறை வைப்பம். இண்டைக்கு நீ தின். அடுத்ததுக்கு நான்."

நான் தின்றேன். அன்று முழுவதும் அவள் என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. முற்றத்து நிழலில் எனக்கு எதிரே உட்கார்ந்து, விழுந்த இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி, பொழுது சாயும்வரை என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.